இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

செயின்ட் ஜான்ஸ்
14 அக்டோபர் 1993

அன்புத் தங்கை டோர்காஸுக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மான்ட்ரியல் மருத்துவமனையின் ஆவணப் பிரிவு இம்மாதம் 6ஆம் தேதி எழுதிய கடிதம் நேற்று கைக்கு வந்தது. 1971இல் உன் தலையில் செய்த அறுவைக்கான கோப்பு அங்கே இல்லை. பத்து ஆண்டுகளாக நோயாளி எட்டிப் பார்க்காத கோப்புகளை அவர்கள் அழித்துவிடுவது வழக்கமாம். உன்னுடையது 1984இல் போயிருக்கிறது. அறுவை செய்த டாக்டரும் இப்போது உயிரோடு இல்லை.

இனி நலம் கேட்கிறேன். கண் எப்படி இருக்கிறது? தலைவலி வருகிறதா? எண்ணெய் வயல் முகாம் சமையலறையில் நின்றுகொண்டேதான் வேலையா? எனக்கு முட்டியைத் தவிர எல்லாம் சௌகரியம். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிவிட்டது. காலையில் கால் இன்னும் அலுவலகப் பக்கம்தான் திரும்புகிறது.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். உன் இடது கண் ஓரத்திலிருந்து இருண்டு வருகிறது. கண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒன்று பார்வை நரம்பை அழுத்துகிறது என்று எட்மன்டன் டாக்டர் மெல்னிக் சந்தேகப்படுகிறார். அது என்னவென்று தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆனால் எக்ஸ்ரேயில் உன் மண்டையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. 71இல் ரத்தக்குழாயில் போட்ட கிளிப்பாக இருக்க வேண்டும். அது எஃகாக இருந்தால் அந்த இயந்திரத்தின் காந்தம் அதை அசைத்துக் குழாயைக் கிழித்துவிடும். வேறு உலோகமானால் பயமில்லை. என்ன உலோகம் என்று எழுத்தில் காட்டும்வரை உன்னை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். படம் பார்க்காமல் அறுவைக்கும் யாரும் கத்தி எடுக்கமாட்டார்கள்.

ஒரு வழி பாக்கி இருக்கிறது. உன்னை மான்ட்ரியலுக்கு அனுப்பியது லாங் ரீச் ஆஸ்பத்திரி. அனுப்பிய டாக்டருக்கு அறுவை அறிக்கையின் நகல் வந்திருக்க வேண்டும். சாலையில் பனி விழுவதற்குள் போய்ப் பார்க்கிறேன். உன் கோப்பை எனக்குக் காட்டச் சம்மதிக்கும் படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் லெவி


ஃபோர்ட் மக்மரி
27 அக்டோபர் 1993

என் அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும், நானூறு எண்ணெய்த் தொழிலாளிகளும், சமையலறையில் என்னோடு கிடந்து வேகும் பேர்ல் அம்மாவும். பேர்ல் கேப் பிரெட்டன்காரி. நம் ஊர்க்காரர்கள் தேநீரைக் கஷாயமாக்கிக் குடிக்கிறார்கள் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். உன் முட்டிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. சொன்னால் கேட்கமாட்டாய் என்று தெரிந்தே சொல்கிறேன்.

மான்ட்ரியல் செய்தி எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் தலைமயிரையே அவர்கள் திருப்பித் தரவில்லை. காகிதத்தையா வைத்திருக்கப் போகிறார்கள்?

கண்ணைப் பற்றிக் கேட்டாய். இடது கண்ணுக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம், அவ்வளவுதான். வலது கண் இரண்டு பேர் வேலையைச் செய்கிறது. டாக்டர் மெல்னிக் நல்ல பெண்மணி. போன தடவை எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு மடக்கின ஊசி மாதிரி இருக்கு. இன்னொண்ணு உருண்டை. உங்க உடம்புல வேற எங்கயாவது உலோகம் உண்டா?”

“பல்லுல ரெண்டு இருக்கு டாக்டர். அதையும் பிடுங்கிட்டுத்தான் உள்ள விடுவீங்களா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இரண்டு கிளிப் போட்டிருப்பார்கள், அண்ணா. அந்தக் காலத்தில் தாராள மனசு.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தொலைபேசியில் கூப்பிடாதே. முகாமுக்கு இருப்பது ஒரே தொலைபேசி, அதற்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை. நீ எழுதுவதே நன்றாக இருக்கிறது.

உன் டோர்காஸ்


செயின்ட் ஜான்ஸ்
15 நவம்பர் 1993

அன்புள்ள டோர்காஸ்,

லாங் ரீச் ஆஸ்பத்திரியில் உன் கோப்பு இருக்கிறது. நானே பார்த்தேன். 1970இல் உனக்குப் பல் பிடுங்கியது அதில் இருக்கிறது. 1972இல் நீ இருமலோடு போனது இருக்கிறது. நடுவில் 1971 என்ற ஆண்டே இல்லை. ஒரு தாளும் கிழிந்து போனதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு நீ அந்த வாசலையே மிதிக்காதது போல் இருக்கிறது.

சாலை நன்றாக இருந்தது. முட்டி கெஞ்சியது. நீ சொன்ன ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் தேவலை. அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

அங்கே கோப்புகளைப் பார்த்துக்கொள்பவர் மினா கீப்பிங். ஐம்பது வயதிருக்கும். பேரைச் சொன்னதும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“விஃபனா? எந்த விஃபன் கண்ணு? இந்த ஒரு இழுப்பறைல மட்டும் எழுபது விஃபன் தூங்குறாங்க.”

“ஜோப் விஃபனோட மகன். பேப்பர்ல இருந்தேன்.”

“ஓ, அந்த லெவியா. எங்க வீட்டுக்காரர் மீன்பிடித் தடைக்கு எதிரா பேசினத பாதியா வெட்டிப் போட்டீங்களே, அந்த லெவி.”

“இடம் இல்லம்மா.”

“பேசினவருக்கு மூச்சு இருந்துச்சு, உங்களுக்கு இடம் இல்லயாக்கும். சரி, உள்ள வாங்க.”

திட்டிக்கொண்டே ஒரு மதியம் முழுக்க என்னோடு தேடினார். அந்தக் கரையில் பாதிப் பேர் விஃபன், மீதிப் பேர் கீப்பிங் என்பதால் அங்கே பெயர் வரிசை உதவாது. ஊர் ஒவ்வொன்றுக்கும் ஓர் இழுப்பறை, அதற்குள் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. லாங் ரீச் இழுப்பறையைக் கடைசி உறைவரை பார்த்துவிட்டோம். பக்கத்து ஊர்களில் நம் பெயருள்ள உறைகளையும் பிரித்துப் பார்த்தோம்.

71இல் உன்னை அங்கே கொண்டுபோனது யார், விவரம் சொன்னது யார்? உனக்கு ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுது. சம்பந்தமில்லை என்று நீயாக எதையும் கழித்துவிடாதே.

இன்னொன்று. நீ அனுப்பிய படிவத்தில் கையெழுத்து கோட்டின் மேல் தொடங்கிக் கோட்டுக்கு அடியில் முடிகிறது. பேருந்தில் உட்கார்ந்து போட்டாயா?

உன் சுகத்தை எதிர்பார்க்கும்
லெவி


ஃபோர்ட் மக்மரி
30 நவம்பர் 1993

அண்ணனுக்கு,

சுகம். குளிர்தான் கடுமை. தடித்த பேனாவால் எழுதுகிறேன், வேறு பேனா கிடைக்கவில்லை. பக்கத்துக்கு ஏழு வரிதான் பிடிக்கிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மீன் ஆலையில் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தலைக்குள் யாரோ கதவை அறைந்த மாதிரி இருந்தது. பிறகு கண் விழித்தது மான்ட்ரியலில். நடுவில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாதான் லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். கேட்டதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லியிருப்பார். அப்பாவிடம் பதில் வாங்குவது எப்படி என்று உனக்குத் தெரியாதா? மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தானே, நீ அப்போது ஊரில் இல்லை.

“எந்த ஊர்க்காரர் ஐயா?” என்றான்.

“ஹஸ்கெட் தீவு.”

“அங்க இப்ப யாருமே இல்லையே.”

“நான் இருக்கேனே.”

“நீங்க லாங் ரீச்ல இல்ல இருக்கீங்க?”

“இங்க தூங்குறேன் தம்பி. ஊரு அது.”

அந்தப் பையன் எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். அம்மா உள்ளே மாவு பிசைந்துகொண்டே சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள்.

பேருந்தில் போட்ட கையெழுத்துதான்.

டோர்காஸ்


செயின்ட் ஜான்ஸ்
14 டிசம்பர் 1993

அன்புள்ள டோர்காஸ்,

உன் 71ஆம் ஆண்டு எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. தகவல் தந்தது மினா கீப்பிங், நேற்று தொலைபேசியில். தாளை இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் பாதி உறுதி என்று வைத்துக்கொள்.

நீ எழுதிய கணக்கெடுப்புக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டு, கடிதத்தை மடிக்கப் போனவன் மறுபடி பிரித்தேன். பல்லுக்கும் இருமலுக்கும் நீயாகவே போனாய். உன்னைக் கேட்டார்கள், லாங் ரீச் என்றாய். 71இல் நீ நினைவில்லாமல் கிடந்தாய். அப்பாவைக் கேட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் யாரும் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்பதில்லை, எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். உடனே மினாவை அழைத்தேன்.

“எங்கப்பா ஹஸ்கெட் தீவுன்னு சொல்லியிருந்தா?”

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“சொல்லியிருப்பாரா?”

“வேற எதயும் சொல்லியிருக்க மாட்டார்.”

“அப்ப காகிதம் அந்த இழுப்பறைக்குத்தான் போயிருக்கும் கண்ணு.”

“அரசாங்கம் தீவக் காலி பண்ணி எல்லாரையும் கரைக்குக் கொண்டுவந்து அப்ப மூணு வருசம். எழுதினவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?”

“அப்ப எழுதினது எங்க பெரியம்மா. அவங்களும் காலி பண்ணின ஒரு தீவுக்காரங்கதான். அவங்க கையெழுத்துல நானே எத்தன பாத்திருக்கேன், ஆளே இல்லாத ஊருக்கு அம்மை ஊசி போட்டதா. அதுல தப்பு இருக்குன்னு அவங்களுக்குத் தோணியே இருக்காது.”

காலியான ஊர்களின் இழுப்பறைகளை 1973இல் பெட்டியில் கட்டி அரசாங்கக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்களாம். கிடங்கு பழைய அமெரிக்கப் படைத்தளத்தில் இருக்கிறது. மனு கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு மூடிவிட்டு ஜனவரி 4ஆம் தேதி திறப்பார்கள்.

உனக்கு உப்பு மீனும் பேக்-ஆப்பிள் பழ ஜாமும் அனுப்பியிருக்கிறேன். பேர்ல் அம்மாவுக்கும் கொஞ்சம் கொடு, தேநீர் கஷாயம் என்று சொல்லும் வாய்க்கு ஆகட்டும். கண்ணைப் பற்றி நீ இந்தத் தடவை எதுவும் எழுதவில்லை. எழுது.

பண்டிகை நலமாகக் கழியட்டும்.
லெவி


செயின்ட் ஜான்ஸ்
19 ஜனவரி 1994

அன்புள்ள டோர்காஸ்,

வெள்ளி. எஃகு இல்லை.

மான்ட்ரியல் டாக்டரின் அறுவை அறிக்கை, 1971 ஏப்ரல் 2 தேதியிட்டது, தட்டச்சில் இரண்டு பக்கம், கீழே அவர் கையெழுத்து. ஹஸ்கெட் தீவுப் பெட்டியில், ஜோப் விஃபன் குடும்ப உறையில் இருந்தது. கிடங்கு அதிகாரி என் முன்னால் உறையைப் பிரித்தார். இரண்டு பேரும் படித்தோம். ரத்தக்குழாயில் ஒரு வெள்ளிக் கிளிப் போடப்பட்டதாக எழுதியிருக்கிறது. வெள்ளியைக் காந்தம் தொடாது. முத்திரை வைத்த நகலை அன்றே எட்மன்டனுக்கு அனுப்பிவிட்டேன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போடக் கொஞ்ச நேரமாயிற்று.

சிக்கல் பிறகுதான் உறைத்தது. அறிக்கை ஒரு கிளிப் என்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு புள்ளி. இரண்டு பக்கத்தையும் நான்கு தடவை படித்துவிட்டேன். இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘மண்டையின் மற்ற பாகங்களில் கை வைக்கப்படவில்லை’ என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்த உருண்டை எங்கிருந்து வந்தது? 71க்குப் பிறகு உனக்கு ஏதாவது விபத்து? அதற்கு முன்னால்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும், கதவு திறந்துவிடும். தெரிந்தால் சொல். தெரியாவிட்டால், தெரியாது என்றாவது எழுது.

பண்டிகை அட்டை வந்தது. உன் பெயரைத் தவிர அதில் எதுவும் இல்லை. கண்ணைப் பற்றி இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

லெவி


ஃபோர்ட் மக்மரி
31 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணா,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. எனக்குக் கையில் சூடு பட்டுவிட்டது. நான் சொல்லச் சொல்ல பேர்ல் எழுதுகிறாள்.

நீ தேடி எடுத்ததை டாக்டர் மெல்னிக் பார்த்துவிட்டார். “உங்க அண்ணன் என்ன வேல பாக்குறார்?” என்று கேட்டார். “ஓய்வு பெற்றவர், அதுதான் பிரச்சினை” என்றேன். கிளிப் விஷயத்தில் அவருக்குத் திருப்தி. ஆனால் உருண்டை எதுவென்று தெரியாமல் அறைக்குள் விடமுடியாது என்கிறார். அவர் மேல் தப்பில்லை.

அதைப் பற்றி நீ கேட்டதற்கு என்னால் இப்போது பதில் சொல்ல முடியாது. தெரியாது என்று நான் சொல்லவில்லை, கவனி. ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டிருக்கிறேன். கொஞ்சம் பொறு.

ஜாம் தீர்ந்துவிட்டது. மீனைப் பார்த்து பேர்ல் முகம் சுளித்தாள், பிறகு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

உன் டோர்காஸ்

லெவி அண்ணே, இது பேர்ல். அவ போர்வைய இழுத்துட்டுப் படுத்தாச்சு, இத நான் சேத்து எழுதுறது அவளுக்குத் தெரியாது. கையில சூடெல்லாம் ஒண்ணும் இல்ல. அடுப்புல இருக்குற நம்பரு அவளுக்குத் தெரியல. போன வாரம் கதவுன்னு நெனச்சு அலமாரியில போய் முட்டிக்கிட்டா. வலது கண்ணும் மங்குது. டாக்டர்கிட்ட சொல்லிட்டா, உங்ககிட்டதான் சொல்லக் கூடாதாம். அண்ணனுக்கு முட்டி வலி, பனியில காரு ஓட்டிக்கிட்டு எங்கயாவது கெளம்பிருவாருன்னு பயம். நான் சொன்னதா காட்டிக்காதீங்க.


செயின்ட் ஜான்ஸ்
9 பிப்ரவரி 1994

அன்புள்ள டோர்காஸ்,

கை சீக்கிரம் ஆறட்டும். இங்கே எல்லாம் சுகம், நான் எங்கேயும் கார் ஓட்டவில்லை.

யாரைக் கேட்டிருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நாற்பது ஆண்டு மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான், சொல்லமாட்டேன் என்பவர் முகத்தை எனக்குத் தெரியும். அந்த முகம் நீ ஐந்து வயதிலேயே வைத்துக்கொண்டதுதான். ஆனால் அந்த ஒருவர் பதில் போடத் தாமதித்தால், அவருக்காகக் காத்திராதே. அவர் யாராக இருந்தாலும், உனக்குப் பார்வை போவதைவிட அவருக்கு வரும் சங்கடம் சின்னது. விஷயம் தெரிந்தால் அவரே அப்படித்தான் சொல்வார்.

டாக்டர் மெல்னிக்கிடமாவது சொல். எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பேர்ல் அம்மாவுக்கு என் நன்றி. நல்ல எழுத்து, ஒன்றும் விட்டுப்போகவில்லை.

லெவி


செயின்ட் ஜான்ஸ்
21 பிப்ரவரி 1994

அன்புள்ள டோர்காஸ்,

சைலஸ் நேற்று என் வீட்டுக்கு வந்தான். நம் சித்தப்பா மகன் சைலஸ், லாங் ரீச்சிலிருந்து, பனியில், தானே வண்டி ஓட்டிக்கொண்டு. கையில் ஒரு பையில் இறகு பிடுங்கிய இரண்டு டர் கடற்பறவைகள். பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

“உக்காரு லெவி.”

“இது என் வீடுடா. நீ உக்காரு.”

“டோர்காஸ் எனக்கு லெட்டர் போட்டிருக்கா. வாயத் தொறக்கலாமான்னு கேக்குறா. நாப்பது வருசம் கழிச்சு என்கிட்ட பர்மிசன் கேக்குறா, பாரு. லெட்டர் போன வாரமே வந்துருச்சு. நான் காட்டுல இருந்தேன், முந்தாநேத்துதான் பாத்தேன். அவளுக்குப் பதில் எழுதி, அது போய்ச் சேந்து... அதான் நேரா இங்க வந்துட்டேன்.”

பிறகு சொன்னான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஒன்பது. சித்தப்பாவின் துப்பாக்கியை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு தீவின் பின்பக்கம் பறவை சுடப் போயிருக்கிறீர்கள். பறவை தப்பியது. பாறையில் பட்ட ரவை ஒன்று திரும்பி வந்து உன் காதுக்குப் பின்னால் தோலுக்குள் புகுந்துகொண்டது. அவன் மீன் வெட்டும் கத்தியால் தோண்டப் பார்த்தானாம். நீ அவன் கையைக் கடித்தாயாம். தழும்பைக் காட்டினான்.

“வெளிய தெரிஞ்சா அப்பா என்னப் படகுல ஏத்த மாட்டார். ஒரு வருசம் பொம்பளைங்களோட மீன் காய வெச்சிட்டிருக்கணும். சொல்லாதன்னு கெஞ்சினேன். மீன் காயப்போடுற பரண்ல இருந்து விழுந்துட்டேன்னு பெரியம்மாகிட்ட சொன்னா. அதோட சரி. இத்தன வருசத்துல என்கிட்டகூட அதப் பத்தி அவ மூச்சு விட்டதில்ல.”

“இப்ப தெரிஞ்சா மட்டும் என்னடா?”

“என்னவா? வேட்டைக்குப் போற பசங்களுக்குத் துப்பாக்கிய எப்படிப் பிடிக்கணும்னு சர்ச் ஹால்ல யாரு வகுப்பு எடுக்குறா, தெரியுமா உனக்கு?”

“நீயா?”

“பதினெட்டு வருசமா. மொத வகுப்புல மொத பாடம், பாறையப் பாத்துச் சுடாதே.”

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “லெட்டர்ல வரி மேல வரி ஏறிக் கெடக்கு. அவளுக்குக் கண்ணு தெரியலையா லெவி?” என்றான். அவனுக்கும் நீ சொல்லவில்லை என்று புரிந்தது. உருண்டையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். ஆமாம் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க வேண்டாம். நான் சொல்லமாட்டேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த ரவை சித்தப்பா வீட்டிலேயே வார்த்தது, தூண்டில் ஈயத்தை உருக்கி. ஈயத்தையும் காந்தம் இழுக்காது. ஆனால் சத்தியம் செய்வாயா என்று கேட்டபோது சைலஸ் நேர்மையாகப் பதில் சொன்னான். “ஈயந்தான். ஆனா அப்பா அந்தச் சட்டியில எதெதப் போட்டார்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.” இரண்டு பக்கம் அவனே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறான். டாக்டர் மெல்னிக்குக்கு அனுப்பியாயிற்று. என் கணக்கில் இது ஒரே சாட்சி, மறு சாட்சி இல்லை. அது போதுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பறவைகளை வெங்காயமும் உப்புக்கண்டமும் போட்டு வேகவைத்தோம். சாப்பிடும்போது இருவருமே கவனமாக மென்றோம்.

இன்று காலை கிளம்பும்போது உன்னிடம் சொல்லச் சொன்னான்: “யார்கிட்ட வேணும்னாலும் சொல்லட்டும். அடுத்த வகுப்புல நானே பசங்ககிட்ட சொல்லிடப் போறேன்.”

லெவி


ஃபோர்ட் மக்மரி
8 மார்ச் 1994

என் அண்ணனுக்கு,

நான் சொல்ல, பேர்ல் எழுதுகிறாள். கையில் சூடு படவில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் உனக்குத் தெரியுமென்று. பேர்ல் இந்த வரியை எழுதமாட்டேன் என்றாள், மிரட்டி எழுத வைத்தேன்.

நீயும் சைலஸும் நலமா? அவன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தானா? உன் கடிதத்தை பேர்ல் மூன்று தடவை படித்துக் காட்டினாள். கையைக் கடித்த இடத்தில் மூன்று தடவையும் நிறுத்திச் சிரித்தாள்.

டாக்டரிடம் போய், அன்று பல்லைச் சொல்லித் தப்பித்தேன், காதுக்குப் பின்னால் ஒன்று இருப்பது எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நாலு மாசம், டோர்காஸ்” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சைலஸின் தாளைப் படித்தார். “நல்ல மனுசன். ஆனா சட்டியில என்ன இருந்துச்சுன்னு அவருக்கே தெரியலையே” என்றார். பக்கவாட்டில் சாய்த்துப் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார். உருண்டை எலும்புக்கு வெளியே, தோலுக்கு அடியில்தான் இருந்தது. பழைய படங்களில் எலும்பின் மேல் விழுந்து உள்ளே இருப்பதுபோல் காட்டியிருக்கிறது. அப்படியானால் ஊகிக்க வேண்டியதே இல்லை, எடுத்துவிடலாம் என்றார். வியாழக்கிழமை ஊசி போட்டுக் காதுக்குப் பின்னால் சின்னதாகக் கீறினார்கள். இரண்டு தையல். டாக்டர் அதைத் தட்டில் போட்டு ஒரு காந்தத்தை அதன் மேல் கொண்டுபோனார். அசையவில்லை. இரண்டாவது தடவையும் அசையவில்லை.

“இத எனக்குக் குடுப்பீங்களா?” என்றேன்.

“எதுக்கு?”

“சைலஸுக்குத் திருப்பி அனுப்பணும். அவன் வகுப்புல காட்டட்டும்.”

சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார். இப்போது பேர்லின் பையில் இருக்கிறது. என் கையில் இருந்தால் எங்காவது வைத்துவிட்டுத் தடவித் தேட வேண்டியிருக்கும்.

ஆமாம் அண்ணா, தடவித்தான். உன்னிடம் மறைத்ததை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண்ணில் முகங்கள் தெரிகின்றன, எழுத்து தெரியவில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். முகாம் மேலாளர் நல்லவர், அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. முகங்கள் தெரிகிற கண்ணையாவது காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் நம்புகிறார். இடது கண் எவ்வளவு திரும்பும் என்பது திறந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

உனக்குப் பிடித்த மாதிரி, தெரிந்தது தெரியாததைப் பிரித்துச் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. இம்மாதம் 22ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, எட்மன்டனில். இது உறுதி, சீட்டு கையில் இருக்கிறது. டாக்டர் மெல்னிக்கும் அறுவை மருத்துவரும் சேர்ந்து படத்தைப் பார்ப்பது வியாழக்கிழமை. எடுக்கக்கூடிய கட்டிதானா என்று அப்போதுதான் தெரியும். எடுக்கலாம் என்றால் ஏப்ரல் முதல் வாரத்தில் எனக்காக ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வேறு ஏதாவது என்றால் என்ன செய்வதென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டாக்டர் முகாமுக்கு அழைப்பார். அந்த நேரத்துக்குத் தொலைபேசிப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று பேர்ல் நானூறு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், மீறினால் இரவுச் சாப்பாடு கிடையாதாம். அவர் பேசி முடித்ததும் உன்னைக் கூப்பிடுகிறேன். உன் பக்கத்தில் ஏழரை மணி தாண்டியிருக்கும். எது வந்தாலும் நானே சொல்கிறேன். வீட்டில் இரு.

உன் தங்கை
டோர்காஸ்